ரோஸ் பவுல் ரத்தாகவில்லை, இடம்தான் மாறியது

"பேர்ல் ஹார்பர் தாக்குதலால் 1942 ரோஸ் பவுல் ரத்தானது, போர் முடியும்வரை அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் நடக்கவே இல்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், நண்பரே. இரண்டுமே தவறு. ரோஸ் பவுல் என்பது வழக்கமாகப் புத்தாண்டு நாளில் கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் நடக்கும் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல) ஆட்டம்.

ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தால் மேற்குக் கடற்கரையில் பெருங்கூட்டம் கூட ராணுவம் சம்மதிக்கவில்லை. ஆகவே பாசடீனாவில் ஆட்டம் கைவிடப்பட்டது என்பது உண்மை. ஆனால் ட்யூக் பல்கலைக்கழகம் தன் மைதானத்தைத் தர முன்வந்தது. 1942 ஜனவரி 1 அன்று, வட கரோலினாவின் டர்ஹம் நகரில், மழையில் அதே ரோஸ் பவுல் நடந்தது. எளிதில் வெல்லும் என எதிர்பார்க்கப்பட்ட ட்யூக்கை ஓரிகன் ஸ்டேட் 20–16 என வீழ்த்தியது. ஓரிகன் ஸ்டேட் அணியின் ஜப்பானிய வம்சாவளி வீரர் ஒருவருக்கு அந்தப் பயணத்துக்கே அனுமதி மறுக்கப்பட்டது. ரத்தானது என்று சொல்லிக் கடந்துவிட்டால் அவருக்கு நேர்ந்த அநீதியும் சேர்ந்தே மறைந்துவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது, ஆட்டமே நடக்கவில்லை என்ற வாதம். பல கல்லூரிகள் அணிகளைக் கலைத்தது மெய்தான். ஆனால் 1943இல் தொடங்கிய கடற்படையின் வி-12 பயிற்சித் திட்டம், பயிற்சி பெறும் மாணவர்களைக் கல்லூரி அணிகளில் ஆட அனுமதித்தது. தரைப்படையின் திட்டம் அனுமதிக்கவில்லை. எந்தக் கல்லூரியில் ஆட்டம் தொடர்ந்தது, எங்கே நின்றது என்பதைப் பெரிதும் தீர்மானித்தது இந்த வேறுபாடுதான். சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் விருதை 1943இல் வென்ற நோட்ரடேம் பல்கலைக்கழக வீரர் ஏஞ்சலோ பெர்ட்டெல்லி, ஆறு ஆட்டங்கள் முடிந்ததும் மரைன் படைக்கு அழைக்கப்பட்டார். ஆட்டமே இல்லாத ஆண்டில் அந்த விருது எப்படி வழங்கப்பட்டிருக்கும்? பதிவைத் திருத்திவிடுங்கள்.