சானிடைசர் படத்துக்கு வெளியே நின்ற மாணவர்கள்

கொரோனா காலத்தில் அறிவியல் மாணவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், கல்லூரி வாசலில் சானிடைசர் பாட்டிலோடு வரிசையாக நிற்கும் படத்தைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் மருந்துக்கடைகளில் அது கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறை: 80 சதவீதம் எத்தனால், கொஞ்சம் கிளிசரால், துளியூண்டு ஹைட்ரஜன் பெராக்சைடு. கலந்த பிறகு 72 மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். பெராக்சைடு சேர்ப்பது வைரஸைக் கொல்ல அல்ல, பாட்டிலில் ஒட்டியிருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகளை அழிக்க. கெமிஸ்ட்ரி லேப் உள்ள எந்தக் கல்லூரியும் செய்யக்கூடிய நல்ல வேலைதான்.

ஆனால் வடசென்னையில் எங்கள் புளியந்தோப்புக்கு அதைவிட அதிகமாகத் தேவைப்பட்டது, ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல ஒரு ஆள்.

2021 மே மாதம் நினைவிருக்கும். ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் ராத்திரி பகலாக வரிசையில் நின்றார்கள், பிறகு அந்த வரிசை நேரு ஸ்டேடியத்துக்குப் போனது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கையில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டர். அதை எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு ஆயாவுக்கு 84 என்று காட்ட, வீடே அலறி ஆம்புலன்ஸ் தேடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு மைக்ரோபயாலஜி பெண் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். ஆயா நகத்தில் பேத்தி போட்டுவிட்ட கருஞ்சிவப்பு நெயில் பாலிஷ், விரலோ ஐஸ் மாதிரி. பாலிஷைத் துடைத்தாள். "சூடு வர்ற வரைக்கும் கையத் தேய் ஆயா" என்றாள். கொஞ்ச நேரம் உட்காரவைத்து வேறு விரலில் மாட்டினால் 96. அந்தக் கருவி விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சித்தான் கணக்குப் போடுகிறது, அடர்ந்த நிறமும் ரத்த ஓட்டம் குறைந்த விரலும் அதைக் குழப்பிவிடும். இதைத் தெரிந்த ஒருவர் தெருவில் இருந்ததால், மூச்சு முட்டுகிற வேறு யாருக்கோ தேவையான ஒரு ஆம்புலன்ஸ் மிச்சமானது.

ஆர்.டி.பி.சி.ஆர் என்ற கொரோனா பரிசோதனைத் தாளில் இருக்கும் சி.டி. எண்ணும் அப்படித்தான். காய்ச்சல் டிகிரி மாதிரி, 18 என்றால் பரவாயில்லை, 30 என்றால் ஆபத்து என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். நேர்மாறு. எத்தனை சுற்றுப் பெருக்கிய பிறகு வைரஸ் தென்பட்டது என்பதுதான் அந்த எண். சீக்கிரம் தென்பட்டால் மாதிரியில் வைரஸ் அதிகம். அதற்காக 18 வந்தவர் பிழைக்க மாட்டார் என்றும் இல்லை, குச்சியை மூக்கில் எப்படி விட்டார்கள் என்பதைப் பொறுத்தே எண் மாறும். இதைச் சொன்னதும் அந்தப் பெண்தான். வாட்ஸ்அப்பில் சுற்றிய ஸ்டீராய்டு சீட்டைக் காட்டி "வாங்கிப் போடலாமா?" என்று கேட்டபோது, "அதை டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது" என்று நிறுத்திக்கொண்டதும் அவள்தான். எனக்கு அவள் மேல் மதிப்பு கூடியது அந்த இரண்டாவது பதிலால்.

தடுப்பூசி விஷயத்தில் கதை இன்னும் கடினம். நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாளில், 2021 ஏப்ரல் 17 அன்று இறந்தார். இதயக் குழாய் அடைப்பு என்று டாக்டர்கள் சொல்லியும் எங்கள் பக்கம் யாரும் காதில் வாங்கவில்லை. இதற்கு எந்த விளக்கப்படமும் உதவாது. தன் அம்மாவை முதலில் முகாமுக்குக் கூட்டிப்போன பிள்ளைகள் சொன்னால்தான் எடுபட்டது.

சரி, இவர்களுக்கு என்ன கிடைத்தது? 2021 மே மாதம் கடைசி வருட எம்.பி.பி.எஸ் மாணவர்களை மேற்பார்வையோடு தொலைபேசி ஆலோசனைக்குப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு சொன்னது. நல்லது. நர்சிங் தவிர மற்ற பி.எஸ்சி. அறிவியல் படிக்கிறவர்களைப் பற்றி அதில் பேச்சில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் காய்ச்சல் முகாமில் நின்ற நாட்களுக்கு அவன் கல்லூரி ஆன்லைன் வகுப்பில் ஆப்சென்ட் போட்டது. பாராட்டுச் சான்றிதழ் மட்டும் பிறகு வந்தது, அவன் பெயரில் எழுத்துப்பிழையோடு.

சேவை மனப்பான்மை என்று புகழ்ந்து கைகழுவுவதில்தான் எனக்கு எரிச்சல். அந்தப் பிள்ளைகள் செய்தது படிப்பின் பகுதி. என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவருக்கு வருடத்துக்கு 120 மணி நேரச் சேவை இருக்கிறது, அதில் பாதி மரக்கன்றோடு படம் எடுப்பதில் போகிறது (கன்றுக்கு அப்புறம் தண்ணீர் ஊற்றுவது யார் என்று கேட்காதீர்கள்). அந்த நேரத்தில் அவர்களை வார்டு வாரியாக, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேற்பார்வையில் பழக்கலாம். போக்குவரத்துக் காசு கொடுங்கள், மதிப்பெண்ணில் சேருங்கள்.

அடுத்த பெருந்தொற்று வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் டெங்கு வருகிறது. மொட்டை மாடி டிரம்மில் நெளிவது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவா என்று பார்த்துச் சொல்ல இரண்டாம் வருட ஜுவாலஜி மாணவருக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் போதும். இந்த வருடம் மழைக்கு முன்னால் எந்தக் கல்லூரியாவது இதை ஆரம்பித்தால் சொல்லுங்கள், எங்கள் தெரு மாடிகளின் சாவியை நான் வாங்கித் தருகிறேன்.