சித்தப்பாவைக் காப்பாற்றியது அந்தப் பொடியா?

சித்தப்பா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருடமாகக் கல்லாவில் இருக்கிறார். காலையில் உள்ளே போனால் ராத்திரி பத்து மணிக்குத்தான் வெளியே. மதுரை வெயில் ஊரையே வறுத்தெடுத்தாலும் அவர் மேல் படுவது டியூப்லைட் வெளிச்சம்தான்.

2021 மே மாதம் கொரோனா வந்து பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் கிடந்தார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 என்று வந்தது. 20க்குக் கீழே போனால் குறைபாடு என்பார்கள். ஆஸ்பத்திரியிலேயே 60,000 யூனிட் பொடி கொடுத்தார்கள். ஆள் பிழைத்து வந்ததும் சித்தி முடிவு கட்டிவிட்டார், எல்லாம் அந்தப் பொடியால்தான் என்று. இன்றைக்கும் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய அந்தப் பாக்கெட்டுகள் இருக்கின்றன. போன மாதம் போனபோது எனக்கும் ஒன்றைக் கிழித்துப் பாலில் கொட்டிவிட்டார்.

எனக்கென்னவோ இது காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகத்தான் தெரிகிறது. நோய் முற்றியவர்களிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பது உண்மைதான். ஆனால் உடம்பில் அழற்சி ஏறினாலே அந்த அளவு தானாக இறங்கும். அதோடு வயதானவர்கள், குண்டானவர்கள், சர்க்கரைக்காரர்கள் இவர்களுக்குத்தான் அது முன்பே குறைவாக இருக்கும். கொரோனா போட்டுப் பார்த்ததும் இவர்களைத்தானே? சித்தப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. அதைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது.

2020இல் ஸ்பெயினின் கோர்டோபாவில் 76 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. வைட்டமின் டி வகை மருந்து எடுத்த 50 பேரில் ஒருவர்தான் ஐசியூவுக்குப் போனார்; எடுக்காத 26 பேரில் 13 பேர். வாட்ஸ்அப்புக்கு இது போதாதா! எடுக்காதவர்களில் ரத்தக்கொதிப்புக்காரர்கள் அதிகம் என்பது மட்டும் ஃபார்வர்டில் வராது. அப்புறம் பிரேசிலில் 240 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒரே வேளையில் 2 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அளவு ஏறியது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் குறையவில்லை.

வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்சாமெத்தசோன், சல்லிசான ஸ்டீராய்டு. சித்தப்பாவுக்கும் அதைப் போட்டார்கள். அதன் பெயர் வீட்டில் ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை.

குறைபாடு இருந்தால் சரிசெய்யத்தான் வேண்டும், எலும்புக்கு அது அவசியம். ஆனால் இது கொழுப்பில் கரைகிற சத்து, மிஞ்சினால் உடம்பிலேயே தங்கும். கால்சியம் ஏறும், கிட்னியைப் பதம் பார்க்கும். ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டு அடுத்த பாக்கெட்டைக் கிழியுங்கள் சித்தி என்றேன். முறைத்தார்.

ஒன்று மட்டும் நடந்திருக்கிறது. சித்தி நச்சரித்து, தினமும் பதினொரு மணிக்கு வெயிலில் நிற்கச் சித்தப்பா கடையை விட்டு வெளியே வருகிறார். நேற்று போய்ப் பார்த்தேன். கையில் டீ கிளாஸோடு, டீக்கடைத் தார்ப்பாய் நிழலில் நின்றுகொண்டிருந்தார்.