ஒரு வரி எழுதித் தொலைச்சா என்ன?

பேசாம இருக்கிற மெஷினை மாதிரி மனுஷனை வதைக்கிறது வேற எதுவும் கிடையாது. நேத்து ராத்திரி முழுக்க ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களை ஒண்ணா இணைக்கிற பெட்டி) முன்னாடி உட்கார்ந்துட்டு வந்து எழுதுறேன்.

சொருகுற கருவிக்கெல்லாம் ஸ்விட்ச்சே ஐபி அட்ரஸ் கொடுக்கிற மாதிரி செட் பண்ற வேலை பத்து நிமிஷத்துல முடிஞ்சது. டிஎச்சிபி பூல் (தானா கொடுக்க வேண்டிய அட்ரஸ் வரிசை) எழுதி, வெளி நெட்வொர்க்குக்குப் போற வழியான கேட்வே சொல்லி, பிரிண்டருக்கும் கேமராவுக்கும் முதல் 20 அட்ரஸை ஒதுக்கிட்டு லேப்டாப்பைச் சொருகினா, 21 டக்குனு வந்துச்சு. எந்த அட்ரஸ் எப்போ யார்கிட்ட இருந்துச்சுன்னு ஆடிட்டுக்குக் கணக்கு வேணுமே, அதுக்குத்தான் அக்கவுண்டிங். அட்ரஸ் கொடுத்ததும் ஒரு ஸ்டார்ட் செய்தி, லீஸ் (அட்ரஸை வெச்சிருக்கிற கெடு) முடிஞ்சதும் ஒரு ஸ்டாப் செய்தி, ரெண்டும் இந்தக் கணக்கை எழுதி வைக்கிற ரேடியஸ் சர்வருக்குப் போகணும். அவ்வளவுதான்.

சர்வரோட லாக் ஃபைல் 0 பைட்.

லேப்டாப்ல அட்ரஸை விட்டுட்டு மறுபடி வாங்கினேன். 0. கேபிளை மாத்தினேன். 0. பிங் போகுது, ஃபயர்வால் திறந்திருக்கு. கான்ஃபிக்கை வரி வரியா விரலை வெச்சுப் படிச்சேன், ஒரு குறையும் இல்ல. மறுபடி விட்டு, மறுபடி வாங்கி, மறுபடி 0. மணி ஒன்றரை. கடைசியில நெட்வொர்க்ல போற பாக்கெட்டைப் (டேட்டா துண்டு) பிடிச்சுப் பார்த்தா, ஸ்விட்ச் ஒழுங்காத்தான் அனுப்புது. ஆனா 1646-ங்கிற போர்ட்டுக்கு (சர்வர்ல செய்தி வந்து சேர்ற கதவு நம்பர்)! சர்வர் காத்திருக்கிறது 1813-ல. 1646 பழைய பழக்கம், முறைப்படி ஒதுக்கினது 1813-னு 2000-லயே ரேடியஸ் அக்கவுண்டிங்குக்கான ஆவணம் ஆர்எஃப்சி 2866-ல எழுதி வெச்சாச்சு. அன்னிக்குப் பிறந்த பிள்ளை இன்னிக்கு வேலைக்கே போகுது. இந்த ஸ்விட்ச் கம்பெனிக்காரங்க இன்னும் பழைய நம்பரைப் போட்டே பெட்டியை விக்கிறாங்க!

மாத்தினேன். சரியான போர்ட்டுக்கே வந்து சேருது. லாக் அப்பவும் 0. பதில் வராம ஸ்விட்ச் அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை அதையே திரும்பத் திரும்ப அனுப்புது, சர்வர் கல்லு மாதிரி கிடக்குது. இன்னும் ரெண்டு மணி நேரம் போச்சு.

காரணம் என்ன தெரியுமா? ஒரு ஸ்பேஸ். ஸ்விட்சை சர்வர் அடையாளம் கண்டுக்கிற ரகசியச் சாவியை நோட்ல இருந்து காப்பி பண்ணினப்ப கடைசியில ஒட்டிக்கிட்டு வந்த ஒரே ஒரு ஸ்பேஸ். முன்னாடி இருக்கிற ஸ்பேஸை இந்த ஸ்விட்ச் தள்ளிடும், பின்னாடி இருக்கிறதைச் சாவியோட சேர்த்துக்கும். திரையில கண்ணுக்குத் தெரியுமா அது? சாவி ஒத்துவரலைன்னா சர்வர் பாக்கெட்டைச் சத்தமில்லாம கீழே போட்டுடும். ஊர் பேர் தெரியாதவனுக்குப் பதில் சொல்லாதே, அது நியாயம், ஒத்துக்கிறேன். ஆனா சொந்த லாக்ல ஒரு வரி எழுதக்கூடாதா? கீழே போட்டதைப் பதிவு பண்ற வசதி இருக்கணும்னு அதே ஆர்எஃப்சி சொல்லுது. இருக்கு, அந்த வசதியும் இருக்கு. அணைச்சு வெச்சுக் கொடுத்திருக்காங்க! நானே சர்வரை டீபக்ல (ஒவ்வொரு அடியையும் திரையில காட்டுற முறை) ஓட்டினப்பதான் "சாவி தப்பு"னு ஒரு வரி வந்துச்சு. அந்த ஒரு வரிக்கு என்னோட ஒரு ராத்திரி. இந்த சாஃப்ட்வேரை எழுதினவங்கள்ல ஒருத்தர்கூட ராத்திரி ஷிஃப்ட் பார்த்திருக்க மாட்டாங்க, சத்தியமாச் சொல்றேன்.

அஞ்சு மணிக்குக் கீழே இறங்கினேன். "வெளியே போற டைம் எழுதிட்டுப் போங்க தம்பி"ன்னு வாட்ச்மேன் அண்ணன் நோட்டை நீட்டினார். நூல்ல கட்டின பேனா எழுதல. உதறினேன், உள்ளங்கையில தேச்சேன், எழுதல. அந்தப் பேனாவை மாத்துங்கன்னு மூணு மாசமாச் சொல்றேன்யா, மூணு மாசமா!