அந்தக் காதல் கவிதை ஷேக்ஸ்பியருடையது அல்ல

'என்னோடு வாழ வா, என் காதலாய் இரு' என்று தொடங்கும் ஆங்கிலக் கவிதை ஷேக்ஸ்பியர் பெயரில் பகிரப்படுகிறது. ஆதாரமாகக் காட்டப்படுவது, 1599-இல் அவர் பெயருடன் வந்த 'தி பாஷனேட் பில்கிரிம்' நூலின் முகப்பு.

முகப்பு உண்மைதான், தகவல் தவறு. கவிதையை எழுதியவர் ஷேக்ஸ்பியர் காலத்துக் கவிஞரும் நாடகாசிரியருமான கிறிஸ்டோபர் மார்லோ. 1600-இல் வந்த 'இங்கிலாண்ட்ஸ் ஹெலிகான்' தொகுப்பு அதை அவர் பெயரிலேயே அச்சிட்டது.

சரி, ஷேக்ஸ்பியர் பெயர் எப்படி வந்தது? பதிப்பாளர் வில்லியம் ஜாகர்ட் பலருடைய காதல் பாடல்களைத் திரட்டி, விலைபோகும் ஒரு பெயரை மேலே போட்டுவிட்டார். உள்ளே இருக்கும் 20 பாடல்களில் ஷேக்ஸ்பியருடையவை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை 5 மட்டுமே. அவற்றிலும் 3 அவருடைய நாடகம் ஒன்றிலிருந்து எடுத்தவை.

1612 பதிப்பில் ஜாகர்ட் இன்னும் துணிந்தார். கிரேக்கப் புராணக் காதலர்களான பாரிஸும் ஹெலனும் ஒருவருக்கொருவர் எழுதும் காதல் மடல்களைச் சேர்த்தார்; அவை நாடகாசிரியர் தாமஸ் ஹேவுட் மொழிபெயர்த்தவை. ஹேவுட் சும்மா விடவில்லை. அதே ஆண்டு அச்சிலேயே கண்டித்தார். ஷேக்ஸ்பியரைக் கேட்காமல் அவர் பெயரைப் போட்டதில் அவருக்கும் மனக்கசப்பு என்று குறிப்பிட்டார். அப்புறம்தான் ஷேக்ஸ்பியர் பெயர் இல்லாத முகப்பு அச்சானது. பாவம், மார்லோ 1593-இலேயே இறந்துவிட்டார்; அவர் பங்குக்குக் கேட்க ஆளில்லை.