ஏழு மாதம் காத்திருந்தது இதற்கா?

ஜனவரியில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் சாம்பியன்ஷிப் ஆட்டம் முடிந்த மறுநாளே நாள் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். ஏழு மாதம். ஆகஸ்ட் முடிந்து லேபர் டே விடுமுறை வரும்போது, நான் படித்த பல்கலைக்கழகம் முதல் ஆட்டத்துக்கு யாரைக் கொண்டுவந்து எதிரே நிறுத்துகிறது? ஒரு படி கீழே இருக்கும் எஃப்சிஎஸ் பிரிவிலிருந்து, காசு கொடுத்துக் கூப்பிட்ட ஒரு சின்னக் கல்லூரியை. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

போன சீசன் தொடக்கத்தில் என் ஒன்பது வயது மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பகல் பன்னிரண்டு மணி ஆட்டம். அலுமினிய பெஞ்ச் தோசைக்கல்லாகச் சுட்டது. முதல் பாதி முடியுமுன்பே 35-0. அப்புறம் என்ன இருக்கிறது பார்க்க? அந்த ஸ்கோரிலும் விளம்பர இடைவேளை மட்டும் குறையவில்லை. டிவி விளம்பர இடைவேளையைக் கவனிக்கும் சிவப்புத் தொப்பிக்காரர் மைதானத்துக்குள் வந்து நிற்பார். அவர் வெளியே போகிறவரை இருபத்திரண்டு பேரும் வெயிலில் சும்மா நிற்க வேண்டும். மூன்றாவது குவார்ட்டரில் மாணவர் பகுதி பாதி காலி. "அப்பா, வீட்டுக்குப் போகலாமா?" என்று பையன் கேட்டான். கல்லூரி ஃபுட்பால் என்றால் என்னவென்று காட்டத்தான் அவனைக் கூட்டிப் போனேன்.

எதிரணிப் பையன் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. 2024 வரை பெரிய அணிக்கு 85 ஸ்காலர்ஷிப், எஃப்சிஎஸ் அணிக்கு 63. ஆள்பலத்திலேயே இவ்வளவு வித்தியாசம். அவன் கல்லூரிக்கு அந்தக் காசோலை தேவை, வந்துவிட்டார்கள். அடிபட்டது அவனுக்கு.

இதைச் சொன்னால் உடனே 2007-ஐ இழுப்பார்கள். செப்டம்பர் 1, மிச்சிகன் அணியின் சொந்த ஊரான ஆன் ஆர்பர், லட்சம் பேருக்கு மேல் கூட்டம். தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகனை எஃப்சிஎஸ் அணியான அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று வீழ்த்தியது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்க மிச்சிகன் முயன்ற கடைசி ஃபீல்டு கோலை அவர்கள் தடுத்ததை நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அணி 2005, 2006 இரண்டு வருடமும் தன் பிரிவில் சாம்பியன். ஏமாந்த சோணகிரி அல்ல. அந்த ஒரு நாளைக் காட்டி எத்தனை வருடம் இந்த உப்புச்சப்பில்லாத ஆட்டங்களை எங்கள் தலையில் கட்டுவீர்கள்?

நல்ல ஆட்டம் வைக்க முடியாது என்பதும் பொய். 2025 முதல் வாரத்தைப் பாருங்கள். டெக்சஸ், எதிரணியின் ஊரான கொலம்பஸுக்கே போய் ஒஹாயோ ஸ்டேட்டோடு மோதித் தோற்றது; 14-7, கடைசிவரை நகம் கடித்தோம். அலபாமாவை ஃப்ளோரிடா ஸ்டேட் 31-17 என்று கவிழ்த்தது. நோட்டர் டேமை மயாமி 27-24. மூன்று நாள் டிவியை விட்டு எழவே இல்லை. முதல் வாரம் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

ஆனால் நடந்தது என்ன? அந்த டெக்சஸ் மூன்று தோல்வியோடு சீசனை முடித்து, சாம்பியனைத் தீர்மானிக்கும் 12 அணி பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. துணிந்து போய் மோதியவனுக்குத் தண்டனை, சின்ன அணியை மிதித்துக் கணக்கில் வெற்றி சேர்த்தவனுக்கு லாபம். சீசன் முடிவில் நடக்கும் பௌல் ஆட்டத்துக்குத் தகுதி பெற வேண்டிய ஆறு வெற்றிகளில் ஒரு எஃப்சிஎஸ் வெற்றியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. அப்படியிருக்க எந்த அணி நிர்வாகம் ரிஸ்க் எடுக்கும்?

சரி, நிர்வாகத்துக்கு அதன் கணக்கு. எங்கள் கணக்கை யார் பார்ப்பது? சீசன் டிக்கெட்டில் அந்த ஆட்டத்தை மட்டும் வேண்டாம் என்று விட முடியாது. மொத்தமாகத்தான் வாங்க வேண்டும். அது போக பார்க்கிங், தண்ணீர் பாட்டில், நான்கு மணி நேரக் கார் பயணம். எனக்குப் பக்கத்து இருக்கையில் பதினொரு வருடமாக உட்கார்ந்த பெரியவர் இந்த முறை டிக்கெட்டைப் புதுப்பிக்கவில்லை. "பெரிய ஆட்டத்தை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன், இதற்கு எதற்கு வர வேண்டும்?" என்றார். மழை பெய்தாலும் எழுந்து போகாத மனிதர் அவர்.

இந்த வருட அட்டவணை வந்துவிட்டது. முதல் வாரம் மறுபடியும் பகல் பன்னிரண்டு மணி, மறுபடியும் ஒரு எஃப்சிஎஸ் அணி. மகனிடம் கேட்டேன். வரவில்லை என்றான்.