ஒரு நூல்தானே!

டீச்சர்: தம்பி, இந்தப் பட்டைத்துணிப் போர்வையில் நான் தைத்த மேல் பாதி 40 இஞ்ச் அகலம். நீங்கள் தைத்த கீழ்ப் பாதி 42½. இது போர்வையா, பாவாடையா?

டெய்லர்: கூடத்தானே இருக்கிறது டீச்சர்? குறைந்தால்தான் சண்டை.

டீச்சர்: இரண்டையும் சேர்த்தால் ஓரத்தில் வால் தொங்குகிறது. அளவுக்கு அட்டை வெட்டிக் கொடுத்தேனே? ஒரு துணிப் பட்டை 2½ இஞ்ச். இரு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போனால் நிற்பது 2. இருபது பட்டைக்கு 40.

டெய்லர்: ஒரு நூல் முன்னே பின்னே இருக்கும் என்றேன். சரி என்றீர்கள்.

டீச்சர்: நூல் என்றால் ஊசியில் கோக்கிற நூல் என்று நினைத்தேன்!

டெய்லர்: எங்கள் கணக்கில் 8 நூல் ஒரு இஞ்ச். ஒரு நூல்தானே டீச்சர்!

டீச்சர்: இருபது பட்டைக்கு 20 நூல். எட்டால் வகுங்கள்.

டெய்லர்: (விரல் மடக்குகிறார்) ...ரெண்டரை.

டீச்சர்: கேட்காமலே ஒரு பட்டை முளைத்திருக்கிறது. கோடு போட்ட அந்தச் சாக்பீஸைக் காட்டுங்கள். இது சாக்பீஸா, கொழுக்கட்டையா? கோடே ஒரு நூல் தடிமன். அதற்கும் வெளியே வெட்டியிருக்கிறீர்கள்.

டெய்லர்: உள்ளே வெட்டினால் குறையுமே என்று...

டீச்சர்: உள்ளே வெட்டியிருந்தால் அட்டை அளவு! அது போகட்டும், இந்தப் பட்டை ஏன் முழங்கை மாதிரி வளைந்திருக்கிறது?

டெய்லர்: துணியை நாலாக மடித்து ஒரே வெட்டு. நேரம் மிச்சம்.

டீச்சர்: மடிப்புக்கு ஸ்கேல் நேர்க்குத்தாக நிற்காவிட்டால் விரித்ததும் இப்படித்தான் வளையும்.

டெய்லர்: தைக்கும்போது இழுத்துப் பிடித்தால் சரியாகிவிடும் டீச்சர்.

டீச்சர்: இழுத்துப் பிடித்த காட்டன் ஒரு சலவையில் தன் குணத்தைக் காட்டிவிடும்.

டெய்லர்: ஒரு நூலுக்கு இவ்வளவு பேச்சா?

டீச்சர்: போன தீபாவளிக்கு உங்கள் மெஷின் கடைக்குள் இருந்தது. இப்போது சாக்கடை மூடிமேல் நிற்கிறது. நான் ரோட்டில் இறங்கி பஸ்ஸுக்கு ஒதுங்கி நடக்கிறேன். அதுவும் ஒரு நூல் ஒரு நூலாக வந்ததுதானா?

டெய்லர்: (மெஷினைப் பார்க்காமல்) கூலி 300 டீச்சர்.

டீச்சர்: இந்தாருங்கள், 200.

டெய்லர்: நூறு குறைகிறதே?

டீச்சர்: ஒரு நூறுதானே தம்பி. இழுத்துப் பிடித்தால் சரியாகிவிடும்.