இரண்டாவது சரணம் எங்கே?

நேற்று இரவு சாப்பிட்டபடி ஒரு இசைச் சேனலில் எண்பதுகளின் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் சரணம் முடிந்து வயலின்கள் எழும்பி வரும் இடம். படக்கென்று வெட்டிவிட்டு சோப்பு விளம்பரம். அப்புறம் நகைக்கடை, சேமியா, மறுபடி அதே சோப்பு. திரும்பி வந்தபோது வேறு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடையிசைக்காக ஒருவர் உட்கார்ந்து நோட்ஸ் எழுதியிருப்பார், ஒரு கூட்டமே வாசித்திருக்கும். அதைத் தூக்கி எறிய எப்படி மனம் வருகிறது?

விளம்பரமே கூடாது என்று சொல்லவில்லை. 1992இல் சினிமாவுக்கு வருவதற்கு முன் ஏ.ஆர். ரஹ்மான் விளம்பர ஜிங்கிள்கள்தான் செய்துகொண்டிருந்தார். பிறகு அவர் போட்ட ஏர்டெல் மெட்டு எத்தனை கைப்பேசிகளில் ஒலித்தது! முப்பது விநாடியிலும் நல்ல இசை செய்யலாம். ஆனால் செய்தவர் பெயர் விளம்பரத்தில் வருவதே இல்லை. பாட்டுக்கு அடியிலாவது போடுவார்களா என்று பார்த்தால் படத்தின் பெயர் மட்டும்தான். எழுதியவர், பாடியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் பட்டை விளம்பரம் ஓடுகிறது.

சரி, விளம்பரம் போடுங்கள். பாட்டு முடிந்த பிறகு போடுங்கள்.